ஐயாயிரம் அடிக்கோடு: மலையகத்தில் காடும் மண்ணும் பொருளாதார ஆட்சேபமும்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் புகையிரதம் மகாவலியைக் கடந்து வத்தேகமவை அடையும்போது, கீழ்த்திசையில் தும்பறை மலைத்தொடர் தோன்றும். மடக்கிய கைவிரல்களின் மூட்டுக்களை ஒத்திருந்தமையால் ஆங்கிலேயர் அதற்கு நக்கிள்ஸ் எனப் பெயரிட்டனர். அடிவாரத்தில் வயலும் வீட்டுத் தோட்டங்களும், அவற்றுக்கு மேல் தேயிலையும் கைவிடப்பட்ட புல்நிலமும், எல்லாவற்றுக்கும் மேலாக முகில் படிந்த கருங்காடும் காணப்படும். தேயிலை முடிந்து காடு தொடங்கும் அவ்வெல்லையை இயற்கை மட்டும் வகுக்கவில்லை. அதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1873-ஆம் ஆண்டில் கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகள் காக்கப்படவேண்டும் என்ற விதி பிறந்தது. அக்காடுகள் பிற்கால ஆவணங்களில் 'காலநிலை ஒதுக்கம்' என்றே குறிக்கப்படுகின்றன. காலநிலையின் பெயரால் பொருளீட்டலுக்கு வரம்பிடும் சட்டம் நம் காலத்தின் புதுமை எனக் கருதுவோர்க்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். அத்தகைய சட்டத்துக்கு எதிராக எழுப்பப்படும் பொருளாதார ஆட்சேபமும் அதே அளவு பழமையானதே.

இவ்விதியின் பின்னணி கோப்பியாகும். 1820-களில் கம்பளையிலும், இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அயலாய் விளங்கும் கன்னொறுவையிலும் தொடங்கிய கோப்பிச் செய்கை, 1840-களில் கண்டிப் பிரதேசமெங்கும் பரவிற்று. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடிக்குரியனவாகக் கொண்டது. அவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் தொடக்கத்தில் ஏக்கர் 5 சிலிங்குக்கும், 1844 முதல் ஒரு பவுணுக்கும் விற்கப்பட்டது. வாங்கியோருள் தேசாதிபதி முதலாகப் பெரும் உத்தியோகத்தரும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. சட்டத்தை ஆக்குவோனும் நிலத்தை வாங்குவோனும் ஒருவனாயிருந்த காலம் அது. உன்னஸ்கிரிய, ரங்கலை, கலாபொக்க, மடுல்கலை முதலிய இடங்களில் காடு வெட்டிச் சாய்க்கப்பட்டு, காய்ந்தபின் எரியூட்டப்பட்டது. வெட்டியும் எரித்தும் நட்டும் உழைத்தோர், மன்னாரில் இறங்கி மாத்தளை வழியே கால்நடையாய் வந்த தமிழ்த் தொழிலாளர். 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோப்பி ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தர் வரை உயர்ந்தது. நிலவிற்பனையும் ஏற்றுமதியும் குடியேற்ற அரசின் கருவூலத்தை நிரப்பின.

இந்நிலையில் காட்டுக்காகப் பேச முன்வந்தோர் தாவரவியலாளர். 1849 முதல் பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவெயிற்ஸ், மலையுச்சிகளின் காடழிவை நேரிற் கண்டவர். இலண்டன் கியூ பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் டால்ற்றன் ஹூக்கர் 1873-இல் வழங்கிய ஆலோசனையின் அடிப்படையிலேயே 5,000 அடிக்கோடு வரையப்பட்டது. காடு அழியின் ஊற்று வற்றும், மழை குன்றும், மண் கரையும் என்பது அக்கால அறிஞர் பலரின் துணிபு. மொரீசியசு, சென்ற் ஹெலினா முதலிய தீவுகளின் அனுபவம் அத்துணிபுக்குச் சான்றாய் நின்றது. காடு மழையைத் தருகிறது என்ற கூற்று எவ்வளவுக்கு உண்மை என்பதில் பின்வந்த அறிவியலாளர் வேறுபட்டனர். ஆயின் மலைக்காடு முகிலின் ஈரத்தைப் பற்றி நிறுத்தி ஆற்றுக்குச் சிறுகச் சிறுக விடுகின்றது என்பதிலும், வேரற்ற சரிவில் மண் தங்காது என்பதிலும் ஐயமில்லை. அன்றைய காரணத்திற் பாதி பிழையாயிருப்பினும் முடிவு சரியானதே.

வளர்ந்துவரும் பெருந்தொழிலின் கண்முன்னே இவ்விதி எங்ஙனம் நிறைவேறியது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. தோட்டக்காரர் வலிமையற்றவரல்லர். 1854-இல் கண்டியில் நிறுவப்பட்ட தோட்டக்காரர் சங்கம் தேசாதிபதிமாரும் செவிசாய்க்கும் அமைப்பாயிருந்தது; சட்டநிரூபண சபையிலும் அவர்கள் குரல் ஒலித்தது. விடை பயிரின் இயல்பிலேயே உள்ளது. கோப்பி பெரும்பாலும் 2,000 அடிக்கும் 5,000 அடிக்கும் இடைப்பட்ட நிலத்தில் செழிப்பது. அதற்கு மேல் குளிர் தாங்காது. எனவே கோப்பி விளையாத உயரத்தில் காட்டைக் காப்பதால் தோட்டத்துறை அன்று இழந்தது சிறிது. மேலும் இவ்விதி முடிக்குரிய காணி இனிமேல் விற்கப்படுவதைத் தடுத்ததேயன்றி, முன்னரே தனியார்க்குச் சென்ற நிலத்தைத் தொடவில்லை. கோட்டுக்குக் கீழே திம்புளையிலும் டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் காடு முன்னிலும் விரைவாக வெட்டப்பட்டது. செலவில்லாத இடத்தில் இணக்கமும் செலவுள்ள இடத்தில் எதிர்ப்பும் என்ற இவ்வமைதி பின்வந்த நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தது.

ஓர் உண்மையை இங்கே இடையிற் கூறிச் செல்லலாம். கோப்பித் தொழிலை இறுதியில் அழித்தது எந்தச் சட்டமும் அன்று. 1869-இல் முதன்முதல் அறியப்பட்ட இலைத்துரு நோய், ஒரே பயிர் இடையீடின்றி மலைக்கு மலை பரந்திருந்தமையால் தடையற்றுப் பரவிற்று. 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி ஆராய்ந்த மார்ஷல் வாட், நோயைப் பரப்புவது ஒரு பூஞ்சணம் என நிறுவினார். 1884-இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. காட்டைக் காத்தால் பொருளாதாரம் சாயும் என்று கணக்கிட்டோரின் ஏடுகளில், காட்டை அழித்ததால் வரக்கூடிய நட்டத்துக்கு ஒரு வரியேனும் ஒதுக்கப்படவில்லை.

தோட்டக்காரரின் நட்டம் எடைபோடப்பட்ட அதே காலத்தில், கிராமத்தவரின் நட்டம் எவ்வாறு மதிக்கப்பட்டது? தும்பறைப் பள்ளத்தாக்கின் சிங்களக் குடியானவர், வயலுடன் சேனையையும் நம்பி வாழ்ந்தோர். சில ஆண்டுகளுக்கொருமுறை ஒரு துண்டு நிலத்தை எரித்துக் குரக்கன் முதலியவற்றை விதைத்து, பின்னர் அதனைக் காடாக விட்டுவிடுவது அவர் மரபு. அரசு இதனைக் காட்டின் பெரும்பகையெனக் கருதியது. இந்திய வனத்திணைக்களத்தைச் சேர்ந்த வின்சென்ற் 1882-இல் அளித்த அறிக்கையை அடுத்து, 1885-ஆம் ஆண்டின் 10-ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் வந்தது. கோப்பிக்காக ஒரு தலைமுறைக்குள் அழிந்த காட்டின் பரப்பு கண்முன் கிடக்க, குற்றவாளிக் கூண்டில் நின்றவன் சேனைக்காரனே. அவனுக்கும் பொருளாதார ஆட்சேபம் இருந்தது. அது வயிற்றின் ஆட்சேபம். ஆயின் 1833 முதல் இயங்கிய சட்டநிரூபண சபையில் கண்டிச் சிங்களவர்க்கெனத் தனி உறுப்பினர் 1889 வரை இல்லை. இந்தியத் தமிழர்க்கோ 1924-ஆம் ஆண்டின் சீர்திருத்தம் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லை. ஆகவே 'பொருளாதாரம் பாதிக்கப்படும்' என்ற வாக்கியத்தை வரலாற்றில் எங்கு கண்டாலும், யாருடைய பொருளாதாரம் என்ற வினாவை உடன் எழுப்புதல் வேண்டும்.

கோப்பிக்குப் பின் தேயிலை வந்தது. 5,000 அடிக்கு மேலும் அது நன்கு வளர்ந்தது. எனினும் இக்கட்டுரைக்கு முதன்மையான விடயம் உயரமன்று, களை. கோப்பிக்காலத் துரைமார் தேயிலைக்கும் விட்டுச்சென்ற முறைகளுள் ஒன்று, நிலத்தில் புல் பூண்டு ஒன்றேனும் இராது சுரண்டி எடுத்தலாகும். மாதமொருமுறை ஏக்கருக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தத்தில் களை எடுப்பிக்கப்பட்டது. சுரண்டி என்னும் சிறு இரும்புக் கருவியால் மேல்மண்ணோடு சேர்த்துப் புல் சீவப்பட்டது. களை ஒருமுறை விதைபோட விட்டால் மறுபடி சுத்தஞ்செய்யப் பல மடங்கு செலவாகும் என்பது துரைமாரின் கணக்கு. அக்கணக்கு பொய்யன்று. சுத்தமான தோட்டம் விலைபோகும். புல் மண்டிய தோட்டத்தின் துரை திறமையற்றவன் எனப் பெயரெடுப்பான். ஒப்பந்தத்தில் கங்காணிக்கும் ஆதாயமிருந்தது. கொழுந்து குறைந்த மாதங்களில் தொழிலாளர்க்கும் அது வேலை தந்தது. இவ்வாறு ஒவ்வொருவர்க்கும் தத்தம் அளவில் நியாயமாய்த் தோன்றிய ஒரு வழக்கம், பருவமழை தோறும் மலையின் மேல்மண்ணைக் கழுவி ஆற்றிற் சேர்த்தது. நூறாண்டுகளில் எத்தனை அங்குலம் போயிற்று என்பதை, மத்திய மலைநாட்டின் பழைய தோட்டங்களில் வேர் வெளியே தெரிய நிற்கும் தேயிலைச் செடிகளே காட்டும்.

இதனை அரசு அறியாதிருக்கவில்லை. மண்ணரிப்பை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1931-இல் வெளியாயிற்று. சமவுயரக் காண் வெட்டுதல், கல்லணை கட்டுதல், மூடுபயிர் வளர்த்தல் ஆகிய பரிகாரங்கள் யாவும் அன்றே தெரிந்தவை. ஆயின் அது உலகப் பொருளாதார மந்தத்தின் காலம். தேயிலை விலை வீழ்ந்து, செலவைக் குறைப்பதிலேயே தோட்டங்கள் கண்ணாயிருந்த வேளையில், பயன் பின்னொரு தலைமுறைக்கே தெரியும் வேலைக்குக் கூலி கொடுக்க எவர்க்கும் மனமில்லை. விலை உயர்ந்தபோதோ இருக்கும் இலாபத்தை இழப்பானேன் என்ற எண்ணம் தடுத்தது. சட்டத்துக்கு ஏற்ற காலம் என்றொன்று பொருளாதார ஆட்சேபத்தின் நாட்காட்டியில் இல்லை.

1947-இல் மலைநாட்டில் பெருவெள்ளம் வந்தது. நான்கு ஆண்டுகளின் பின், 1951-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒரு பிரதேசத்தை அரிப்புக்குள்ளாகும் பிரதேசமெனப் பிரகடனப்படுத்தவும், அங்குள்ள காணிச் சொந்தக்காரர் காண் வெட்டவும் அணை கட்டவும் வேண்டுமெனப் பணிக்கவும், களையை முற்றாகச் சுரண்டும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தவும் அது இடமளித்தது. ஏட்டளவில் இது சிறந்த சட்டம். நடைமுறையிலோ அதன் கை தளர்ந்தே இருந்தது. தேயிலையே நாட்டின் முதன்மையான அந்நியச் செலாவணி ஈட்டியாயிருக்க, அதன் உற்பத்திச் செலவை உயர்த்தும் எதனையும் வற்புறுத்த எந்த அரசும் தயங்கியது. சிறுகாணிக்காரனிடம் சட்டம் காட்டிய கண்டிப்பைப் பெருந்தோட்டத்திடம் காட்டவில்லை. சிறுகாணிக்காரனிடமும் பின்னர் அது சோர்ந்தது. தும்பறையிலும் அங்குராங்கெத்தையிலும் வலப்பனையிலும் செங்குத்தான சரிவுகளில் புகையிலையும் மரக்கறியும் ஏறியதே அதற்குச் சான்று.

இச்சட்டம் இயற்றப்பட்ட காலத்தின் அரசியலையும் நோக்குதல் தகும். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் மலையகத் தமிழர் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்தனர். 1947-இல் அவர்கள் தெரிவுசெய்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றத்தில் இன்னும் அமர்ந்திருந்தனர். ஆயின் அவர்களை மீண்டும் அனுப்பும் வாக்காளர் இல்லை. மண்ணை நாள்தோறும் கையாற் கையாண்ட ஒரு சமூகம், மண்ணைப் பற்றிய சட்டத்தில் சொல்லற்று நின்றது. காண் வெட்டியவனும் சுரண்டி பிடித்தவளும் அறிந்திருந்ததை எவரும் கேட்டறிய முனையவில்லை. அதே 1951-இல் வெளியான கண்டிக் குடியானவர் ஆணைக்குழுவின் அறிக்கை கிராமத்தவரின் நிலப்பசியை விரித்துரைத்தது. ஒரே மலையின் இரு சரிவுகளிலும் வறுமை இருந்தது. அரசியல் ஒன்றைக் கணக்கில் எழுதி மற்றொன்றை விட்டது.

கரைந்த மண் எங்கே சென்றது? வத்தேகம வாசிகள் அதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. கண்டிக்கும் வத்தேகமவுக்கும் இடையே பொல்கொல்லையில் மகாவலிக்குக் குறுக்கே அணை எழுந்து, 1976-இல் ஆற்றின் ஒரு பகுதி சுரங்கவழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பப்பட்டது. மகாவலித் திட்டத்தின் முதற் பெரும் பயன் அது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1988-இல் அளந்தபோது, அத்தேக்கத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ 44 விழுக்காடு வண்டலால் நிரம்பியிருந்தது. கம்பளை முதல் நுவரெலியா வரை மேலே கிடந்த நிலத்திலிருந்து வந்த மண் அது. தோட்டங்கள் செலவெனக் கருதித் தவிர்த்த பணம், வண்டல் அகற்றும் செலவாகவும் குறைந்த நீராகவும் அரசின் கணக்கில் வேறொரு பக்கத்தில் தோன்றிற்று. தும்பறை மலையில் தோன்றும் உலு கங்கையோ, பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்த விக்டோரியா நீர்த்தேக்கத்திற் கலக்கின்றது. கீழே நீரை நம்பிய விவசாயி மேலே களையெடுப்புக்கான ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டவனல்லன்.

ஏலத்தின் கதையும் இத்தகையதே; சுருங்கக் கூறலாம். நக்கிள்ஸ் காட்டின் பெருமரங்களை நிறுத்திக் கீழ்ச்செடிகளை அகற்றி, நிழலில் ஏலம் நடப்பட்டது. காப்பதாகக் கூறப்பட்ட காட்டையே அரசு குத்தகைக்கும் விட்டது. மேலிருந்து பார்ப்போர்க்குக் காடு காடாகவே தெரியும்; உள்ளே இளமரம் முளைக்க இடமில்லை. காயை உலர்த்த விறகும் அதே காட்டிலிருந்து வந்தது. 2000-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 17,500 ஹெக்ரேயர் பாதுகாப்பு வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010-இல் அது மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாயிற்று. ஏலத்தையே காசாகக் கண்ட மலைக்கிராமத்தவர்க்கு இதனால் வருமானம் போயிற்று; களவாகத் தொடர்ந்தோரும் உளர். 1873-இல் தோட்டக்காரரின் நட்டத்துக்கு அஞ்சி மெல்ல நடந்த சட்டம், இவர்கள் நட்டத்துக்கு அவ்வாறு அஞ்சியதாகத் தெரியவில்லை.

உலக அரங்கிலும் இதே வாதம் பேருருக் கொண்டு நின்றது. 1997 யூலையில் அமெரிக்கச் செனற் சபை, தன் நாட்டின் பொருளாதாரத்துக்குக் கடுந்தீங்கு விளைக்கும் எந்தக் காலநிலை உடன்படிக்கையிலும் ஒப்பமிடலாகாதென 95 வாக்குகளால் எதிர்ப்பின்றித் தீர்மானித்தது. 2001-இல் அந்நாடு கியோத்தோ உடன்படிக்கையைக் கைவிட்டது. அவுஸ்திரேலியா 2012-இல் விதித்த காபன் விலையை 2014-இல் நீக்கியது. அங்கு நிலக்கரியும் மின்கட்டணமும் பேசிய மொழி, இங்கு கோப்பியும் களையெடுப்பும் பேசியதே. ஆயின் எல்லாப் பொருளாதார ஆட்சேபமும் சுயநலத்தின் முகமூடி என்று கூறிவிடுதல் வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும். அதற்கு எடுத்துக்காட்டும் மலையகத்திலேயே உண்டு.

சுரண்டியின் இடத்தைப் பிற்காலத்தில் களைகொல்லி பிடித்தது. கூலி உயர்ந்தது, இளைஞர் கொழும்புக்குச் சென்றனர், களையெடுக்க ஆளில்லை. 2015-இல் அரசு கிளைபோசேற்றைத் தடைசெய்தபோது தோட்டக்கம்பனிகள் செலவைக் காட்டி முறையிட்டன. 2018-இல் தேயிலைக்கும் றப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. அடுத்தது மிகப் பெரிது. 2021 மே மாதம் 6-ஆம் திகதி வெளியான வர்த்தமானி, இரசாயனப் பசளையினதும் பீடைகொல்லியினதும் இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. நைதரசன் பசளையிலிருந்து வெளியேறும் நைதரஸ் ஒட்சைட்டு, கரியமிலவாயுவிலும் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடிப்பது. நைதரசன் விரயத்தைப் பாதியாக்கும் நோக்குடன் கொழும்புப் பிரகடனம் 2019-இலேயே உருவாகியிருந்தது. எனவே காரணம் அறிவியலில் இல்லாததன்று. எனினும் அரசின் கையில் அந்நியச் செலாவணி வற்றியிருந்தமையும் யாவரும் அறிந்ததே. சூழலின் மொழியில் கூறப்பட்ட தீர்மானத்துள் கருவூலத்தின் கவலையும் இருந்தது.

அன்று ஆட்சேபித்தோர் துரைமார் மட்டுமல்லர். நாட்டின் தேயிலையில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் விளைவிப்போர் சிறுதோட்ட உரிமையாளர். அவர்களும் நெற்செய்கையாளரும் வீதிக்கு வந்தனர். மண்ணுக்குப் பழக்கப்பட்ட ஊட்டத்தை ஒரு பருவத்தில் நிறுத்தினால் விளைச்சல் விழும் எனப் பேராதனை விவசாயபீடத்தார் எச்சரித்தனர். அவர்களுள் ஒருவரான பேராசிரியர் புத்தி மாறம்பே விவசாய அமைச்சின் குழுக்களிலிருந்து நீக்கப்பட்டார். ஒக்ரோபர் இறுதியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ கிளாஸ்கோ சென்று, காலநிலை மாநாட்டையொட்டிய நைதரசன் கருத்தரங்கில் இக்கொள்கையை எடுத்துரைத்தார். நவம்பர் 24-ஆம் திகதி தடை கைவிடப்பட்டது.

1873-இல் விதி வகுத்தோர் விளையாத நிலத்தைத் தெரிந்து கோடு வரைந்தனர்; 1951-இல் சட்டமியற்றியோர் அதைப் பயன்படுத்தத் தயங்கினர்; 2021-இல் ஆணையிட்டோர் எவரையும் கேளாது வெட்டினர். முதலிரு சந்தர்ப்பங்களிலும் ஆட்சேபம் சட்டத்தைத் தனக்கேற்ப வளைத்தது. மூன்றாவதில் ஆட்சேபம் உண்மையுரைத்தும், காலங்கடந்தே அதற்குச் செவி கிடைத்தது. 2021-இல் ஏறத்தாழ 29 கோடியே 90 இலட்சம் கிலோவாயிருந்த தேயிலை உற்பத்தி, 2022-இல் 25 கோடியே 20 இலட்சம் கிலோ அளவுக்கு இறங்கியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத வீழ்ச்சி அது. பசளை மீண்டும் வந்தபோது அதன் விலை பன்மடங்காகியிருந்தது. கொழுந்து குறைந்த மலையில் நாட்சம்பளம் கொழுந்தின் நிறையைப் பொறுத்தே அமையும் ஆதலின், அவ்வாண்டின் நட்டத்தில் ஒரு பங்கு லயத்துக்கு வந்து சேர்ந்தது.